மிட்டாய் கொடுத்தால் ஆசை குறையுமா? மைசூர்ப் பக்கம் பிள்ளைகள் ஏணி ஏறிய கதை தெரியுமா?

மைசூர் என்றதும் அரண்மனை, தசரா யானை, மைசூர்பாகு, சந்தன சோப்பு என்று அடுக்கிக்கொண்டே போவோம். மனித மனம் எப்படிக் கற்கிறது, எதனால் ஆசைப்படுகிறது என்று இந்தியாவில் முதன்முதலாகத் துறை வைத்து ஆராயத் தொடங்கிய ஊர்களில் மைசூரும் ஒன்று, தெரியுமா? 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறை பிறந்தது. அடுத்தது எங்கே? டெல்லியா, பம்பாயா, நம் சென்னையா? எதுவும் இல்லை. 1924-ல் மைசூர்!

இது தற்செயலாக நடந்ததில்லை. அப்போது மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீல். 1905-லேயே கல்கத்தாவுக்குச் சோதனை உளவியல் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்த தத்துவப் பேராசிரியர். அவர் முயற்சியில் தொடங்கிய மைசூர்த் துறைக்குத் தலைமை ஏற்றவர் எம்.வி. கோபாலசுவாமி. இவர் லண்டனில் யாரிடம் படித்தவர் தெரியுமா? சார்லஸ் ஸ்பியர்மேனிடம்! எல்லாத் திறமைகளுக்கும் அடியில் பொதுவான அறிவுத்திறன் ஒன்று ஓடுகிறது என்று 1904-ல் கணக்குப் போட்டுக் காட்டினாரே, அந்த ஸ்பியர்மேன். குருவின் வழியில் கோபாலசுவாமியும் அறிவுத்திறன் சோதனைகளைக் கையில் எடுத்தார். ஆனால் அப்படியே இறக்கிவிடவில்லை, நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். இங்கிலாந்துப் பிள்ளைக்கு எழுதிய கேள்வியை மைசூர்ப் பிள்ளையிடம் நீட்டினால், அது அறிவை அளக்குமா, பழக்கத்தை அளக்குமா? கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் எழுந்த கேள்வி இது. இன்றைக்கும் நம் நுழைவுத் தேர்வுகளைப் பார்த்து இதையே கேட்கலாம்.

இன்னொன்று கேளுங்கள். இதே கோபாலசுவாமிதான் 1935-ல் தன் வீட்டிலேயே சின்னதாக ஒலிபரப்பி ஒன்றை வைத்து வானொலி நிலையம் நடத்தினார். அந்த நிலையத்தின் பெயர் ‘ஆகாசவாணி’! நாடு முழுக்க ஒலித்த அந்தப் பெயர், மைசூரில் ஓர் உளவியல் பேராசிரியரின் வீட்டிலிருந்து காற்றில் ஏறியது என்றால் சிலிர்க்கிறதா இல்லையா?

சரி, பல்கலைக்கழகத்தில் துறை இருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அதற்கு மைசூரிலிருந்து தென்மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். ஹெக்கடதேவன கோட்டை. சுருக்கமாக எச்.டி. கோட்டை. கபினி அணையும் நாகரஹொளெ காடும் கேரள எல்லையும் தொட்டு நிற்கிற தாலுகா. இந்தக் காட்டோரத்துத் தாலுகாவில்தான் 1995-ல் ‘நலி கலி’ பிறந்தது. ஆடிப்பாடிக் கற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். யுனிசெஃப் உதவியோடு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் அட்டைகளை வைத்துக் கற்பதை நேரில் பார்த்தார்கள். ஊர் திரும்பித் தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள்.

அந்த வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் பெரிய ஏணிப் படம். ஒவ்வொரு படியிலும் குட்டிக் குட்டிப் படக்குறிகள். சிறுமி ஒருத்தி ஏணி முன்னால் வந்து நிற்கிறாள், நேற்று முடித்த படியை விரலால் தொட்டுப் பார்க்கிறாள், அதற்கு அடுத்த படியின் படம் என்ன என்று கவனிக்கிறாள். அலமாரியில் அதே படம் ஒட்டிய தட்டைத் தேடிப் போய், தன் எண்ணுள்ள அட்டையை உருவி எடுத்துக்கொள்கிறாள். அந்தப் படியை ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்க வேண்டுமா, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு செய்ய வேண்டுமா, தனியாகவே முடித்துவிடலாமா என்பதையும் அந்தக் குறியே சொல்லிவிடுகிறது. தனக்குரிய குழுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கரும்பலகை, அதில் அவளுக்கென்று ஒரு கட்டம். தலைக்கு மேலே கட்டிய கயிறுகளில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்குகின்றன. இவ்வளவு நேரமும் அவளை யாரும் ‘புத்தகத்தை எடு’ என்று சொல்லவே இல்லை!

இப்போது கடல் தாண்டிப் போவோம். 1953 நவம்பரில் பி.எஃப். ஸ்கின்னர், அமெரிக்காவில் தன் மகள் படித்த நாலாம் வகுப்பில் பெற்றோர் நாளுக்காகப் போய் உட்கார்ந்தார். எலியையும் புறாவையும் வைத்து, எந்தச் செயலுக்குப் பலன் உடனே கிடைக்கிறதோ அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும் என்று நிறுவிய பெரிய ஆள் அவர். அன்றைக்குக் கணக்கு வகுப்பு. பார்த்தவர் பதறிப்போனார். போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைக்கு அடுத்த நாள்தான் தெரிகிறது. சீக்கிரம் முடித்தவளும் திணறுகிறவனும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. கற்றலைக் கெடுக்க இந்த இரண்டு தப்பு போதும் என்று அவருக்குப் பட்டது. சீக்கிரமே கற்பிக்கும் எந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார்.

அவர் கண்ட அதே இரண்டு தப்புக்கும் எச்.டி. கோட்டையில் எந்திரமே இல்லாமல் மருந்து கிடைத்துவிட்டது, பாருங்கள்! அட்டையை முடித்த கையோடு சரி பார்த்தாகிறது. படி ஏறுவது அவரவர் வேகத்தில். நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். அறுவடைக் காலத்தில் அப்பா அம்மாவோடு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வழக்கமான வகுப்பில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். ‘நமக்கு வராது’ என்ற எண்ணம் விழுவது அந்த இடத்தில்தான். 1967-ல் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துக் கண்டது இதைத்தான். என்ன செய்தாலும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாது என்று பழகிப்போன நாய், பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தும் முயலாமல் படுத்துவிட்டது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனைச் ‘சோம்பேறி’ என்று திட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

ஸ்கின்னரின் எந்திரத்தில் இல்லாத ஒன்று நலி கலியில் உண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகள்! ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே பாயில் கலந்து உட்கார்வதால், நேற்று அந்தப் படியைத் தாண்டிய பிள்ளை இன்று அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தனியாகச் செய்ய முடியாததும், கொஞ்சம் கை கொடுத்தால் செய்ய முடிவதுமான அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்யாவில் லெவ் வைகாட்ஸ்கி சொன்னார். 37 வயதில், 1934-ல், காசநோயில் இறந்துபோன மனிதர். அவர் பெயரையே கேள்விப்படாத ஊர்களில் அவர் சொன்னது நடக்கிறது.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், அதே ரிஷி பள்ளத்தாக்குக்கு மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். அவர்கள் கொண்டு வந்ததுதான் செயல்வழிக் கற்றல்! 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் போனது. ஏணி, அட்டை, கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை என்று இன்றைக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வாயில் புழங்கும் சொற்கள் அப்போது வந்தவை. கர்நாடகத்தில் நலி கலி 2009-10 வாக்கில் அரசுக் கன்னடப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. எச்.டி. கோட்டையும் சென்னையும் ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்தவை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதனின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவை என்கிறார்கள். தானே முடிவெடுக்கிறோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மை மதிக்கிறவர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வு. ஏணி முன்னால் நின்ற சிறுமிக்கு மூன்றும் கிடைத்தது. ஆசிரியருக்கு? 1995-ல் எச்.டி. கோட்டை ஆசிரியர்களுக்கு மூன்றும் இருந்தது, அட்டையை அவர்களே எழுதினார்களே! அச்சடித்த அட்டையும் நிரப்ப வேண்டிய படிவமும் மேலிருந்து வந்து இறங்கினால், அதே முறை ஆசிரியருக்குச் சுமையாகிவிடும். பிள்ளைக்கு ஊக்கம் எப்படி வரும் என்று எத்தனையோ பயிற்சி முகாம் நடத்துகிறோம். அந்த முகாமில் ஆசிரியர் வாயைத் திறந்து ஒரு யோசனை சொல்ல இடம் உண்டா என்பதுதான் என் கேள்வி.

இப்போது தலைப்புக்கு வருவோம். பரிசு! நன்றாகச் செய்தால் மிட்டாய், நட்சத்திரம், கோப்பை. இதில் என்ன தப்பு? விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ 1940-களின் கடைசியில் குரங்குகளின் கூண்டில் ஊசி, கொக்கி, கொண்டி வைத்த பூட்டுப் புதிரை மாட்டினார். தீனி எதுவும் இல்லை. குரங்குகள் தாமாகவே பிரித்துப் பிரித்து விளையாடின, நாளுக்கு நாள் தேறின! பிரிப்பதே அவற்றுக்கு இன்பம். உலர்திராட்சையை நடுவில் கொண்டு வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? தப்பு கூடியது, தீனி இல்லாதபோது புதிர் மேல் இருந்த அக்கறை குறைந்தது!

குரங்குதானே என்று விடவும் முடியவில்லை. 1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஆசையாக இருந்த பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், ‘வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்’ என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களில் பாதிதான்! ஆசையாகச் செய்துகொண்டிருந்ததைக் கூலிக்குச் செய்வதாக மனம் மாற்றி எழுதிக்கொண்டது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு இந்தச் சேதம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அதற்காகப் பரிசே கூடாது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்குத் துளியும் நாட்டமில்லாத ஒன்றைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவும். வாய்ப்பாடு கசக்கிற பையனுக்கு முதல் வாரம் எதையாவது காட்டி உட்கார வைக்கலாம், தப்பில்லை. ஏற்கெனவே கதைப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அலைகிற பிள்ளையிடம் ‘பத்துப் புத்தகம் படித்தால் சைக்கிள்’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கேதான் அடி விழுகிறது.

பாராட்டிலும் இதே கண்ணி இருக்கிறது, தெரியுமா? 1998-ல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’. சிலரிடம் ‘நல்லா முயற்சி பண்ணியிருக்கே’. அவ்வளவுதான். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர் கொடுத்துச் சறுக்கவிட்டு, பிறகு பழைய அளவு எளிய புதிரைத் திரும்பக் கொடுத்தபோது, கெட்டிக்காரர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள், முயன்றவர்கள் மேலே போனார்கள்! மதிப்பெண்ணை முகம் தெரியாத மாணவருக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது, ‘கெட்டிக்காரன்’ கேட்ட பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேர் வாக்கில் கூட்டிப் போட்டுப் பொய் எழுதினார்கள். பிற்காலத்தில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில், இப்படி முயற்சியை முன்னிறுத்திப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சிகளின் பலன் சிறியதாகவே தெரிந்தது, உண்மை. ஆனால் ‘உன் மூளைக்கு நூறு மார்க்’ என்பதைவிட, ‘மூணாவது வரியில தப்பைக் கண்டுபிடிச்சு நீயே மாத்தினியே’ என்பதில் பிள்ளைக்கு அடுத்த கணக்குக்கு எடுத்துப்போக ஏதாவது இருக்கிறது.

இனி சொல்லப்போவது என் நெஞ்சைப் பிசைந்த ஆய்வு. உலக வங்கிக்காக கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்த் தாள்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு புதிருக்கும் காசு உண்டு. யார் என்ன சாதி என்று வெளியே சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சரிசமமாகச் செய்தார்கள். சரிசமம்! பிறகு வேறு குழுக்களில் ஒவ்வொருவன் பெயரையும் ஊரையும் அப்பா பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது! அதே மூளை, அதே தாள், அதே காசு.

நம் பள்ளிகளில் உதவித்தொகைப் படிவம் வரும் நாளை எண்ணிப் பாருங்கள். ‘இந்தச் சாதிப் பசங்கல்லாம் எழுந்திருங்க’ என்ற குரல் எத்தனை வகுப்பறைகளில் ஒலித்திருக்கிறது! பணம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றைக்கு மதியம் நடக்கிற கணக்குச் சோதனையில் எழுந்து நின்ற பிள்ளை எத்தனை மதிப்பெண்ணை இழக்கிறது? படிவத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கொடுத்து வாங்கினால் போதும். ஒரு பைசா செலவில்லாத சீர்திருத்தம். இதை நாளைக்கே செய்யலாம்.

சரி, பசியோடு வருகிற பிள்ளைக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல், வயிறும் பாதுகாப்பும் நிறைந்த பிறகுதான் மற்ற ஆசைகள் தலை தூக்கும் என்று வரிசை போட்டார். நம் சென்னையில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியது 1920-ல்! மாஸ்லோ எழுதுவதற்கு 23 வருஷம் முன்னால்! பிறகு காமராஜர், எம்.ஜி.ஆர்., இப்போது காலை உணவு. மைசூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 2013 முதல் ‘க்ஷீர பாக்யா’ என்று பாலும் கிடைக்கிறது.

மைசூரின் பெரிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவரைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? ஆர்.கே. நாராயண். சென்னை புரசைவாக்கத்தில் பிறந்தவர். அப்பா மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியர் வீட்டுப் பிள்ளையே கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார் என்றால் நம்புவீர்களா! 1935-ல், அதே ஆகாசவாணி வருஷத்தில், அவர் எழுதிய முதல் நாவலின் நாயகன் சுவாமி, பள்ளிக்கூடம் பிடிக்காத சிறுவன். அரை நூற்றாண்டு கழித்து மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போன நாராயண், 1989-ல் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? பிள்ளைகள் சுமக்கிற புத்தகப் பையைப் பற்றி! பை முதுகை வளைக்கிறது, பள்ளி பிள்ளைப் பருவத்தைத் தின்கிறது என்று கொதித்தார். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக யஷ்பால் குழு அமைந்து, சுமையில்லாத கல்வி பற்றிய அறிக்கையை 1993-ல் கொடுத்தது. புரியாமல் திணிக்கப்படும் பாடமே பையைவிடப் பெரிய சுமை என்றது அந்த அறிக்கை. அதற்கு இரண்டே வருஷத்தில் எச்.டி. கோட்டையில் பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு அட்டை எழுத உட்கார்ந்தார்கள்.

கடைசியாக, பிளஸ் டூ முடித்து ‘டீச்சராகணும்’ என்று வீட்டில் ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தால் இது உதவும். மைசூர் மானசகங்கோத்ரியில் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருஷப் படிப்பை 2020 கல்விக் கொள்கை நாடு முழுக்கப் பேசியது. இவர்கள் அதை அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டார்கள்! வளாகத்திலேயே செயல்விளக்கப் பள்ளியும் உண்டு. காலையில் ஸ்கின்னரையும் வைகாட்ஸ்கியையும் படிக்கிற மாணவி, கொஞ்ச தூரம் நடந்தால் நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்று அது பலிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.